மைனர் 1098க்கு அலுமினியம் இன்டேக் மெனிஃபோல்ட்: மலைநாட்டு ரோட்டுக்கு எப்படிப் பூட்டுவது?

#1 தலவாக்கலை_மைனர்

வணக்கம். வண்டி மொரிஸ் மைனர். 1098 சி.சி என்ஜின், 12ஜி202 என்று எண் வார்த்த ஹெட், இப்போதைக்கு அசல் எஸ்.யூ எச்.எஸ் 2 காபரேட்டர். எம்.ஜி மெட்ரோ காரில் வந்த அலுமினியம் இன்டேக் மெனிஃபோல்ட் (காபரேட்டரில் இருந்து ஹெட்டுக்குக் கலவை போகிற குழாய்), அதோட எஸ்.யூ எச்.ஐ.எஃப் 44 காபரேட்டர், எல்.சி.பி ஹெடர் (நடுக்குழாய் நீண்ட எக்சோஸ்ட் மெனிஃபோல்ட்) ஒன்று, மூன்றும் கைவசம் இருக்கு. இன்டேக்கில் சுடுதண்ணீர் போக இரண்டு குழாய் முனை இருக்கு. என் வண்டியில் ஹீட்டர் கிடையாது.

ஓட்டம் தலவாக்கலை, நுவரெலியா, மாதத்தில் ஓரிரு தடவை றம்பொடை வழியா கண்டி. கழற்றி மாட்டினா போதுமா, இல்லை லேத் வேலை ஏதும் இருக்கா? அந்தத் தண்ணீர் முனைகளை அடைச்சு விடலாமா?

#2 லேத்துக்காரன்

கழற்றி மாட்டுற வேலை இல்லைங்க. சாமானை ஹெட்டில் தூக்கி வைக்கிறதுக்கு முன்னால வேர்னியர் எடுத்து இன்டேக், ஹெடர் இரண்டின் ஃப்ளேஞ்ச் (ஹெட்டோட பூட்டுற தட்டை விளிம்பு) கனத்தையும் அளந்து இங்கே போடுங்க. இந்த என்ஜினில் இன்டேக், எக்சோஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். ஸ்டட்டும் (ஹெட்டில் நிற்கிற மரைக் கம்பி) பொது, கேஸ்கட்டும் பொது. பெரிய வாஷர் ஒன்று ஒரு பாதியால் இன்டேக்கின் காதையும் (ஃப்ளேஞ்சில் வாஷர் உட்காருற இடம்) மறு பாதியால் ஹெடரின் காதையும் அமுக்குது. இரண்டு காதும் ஒரே கனமா இருந்தால்தான் இரண்டும் அமுங்கும். ஒன்று தடிச்சிருந்தா வாஷர் சாய்ஞ்சு உட்காரும். நட் இறுகின மாதிரியே கையில் தெரியும், ஆனா மெல்லிசான பக்கம் கேஸ்கட்டைத் தொட்டுக்கிட்டு மட்டும் நிற்கும். அசல் மெனிஃபோல்ட்கள் சோடியா வந்தவை, அதில் இந்தப் பிரச்சினை வராது. ஒரு கம்பனியின் ஹெடரும் இன்னொரு வண்டியின் இன்டேக்கும் சேரும்போதுதான் வரும்.

0.1 மி.மீ. வித்தியாசம் வரை விடலாம். அதுக்கு மேல போனா வேலை இருக்கு.

அடுத்தது முகம் நேரா இருக்கானு பாருங்க. ஹெடரில் வெல்டிங் சூட்டில் ஃப்ளேஞ்ச் வளைஞ்சிருக்கும். ஸ்டீல் ரூலரை மூன்று முகத்துக்கும் குறுக்கே வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க. 0.1 போகுதுன்னா முகத்தைச் சீவி நேராக்கணும். புது ஹெடர்தானே என்று நம்பிப் பூட்டினா பட்பட் என்று அடிக்கும்.

மூன்றாவது, இன்டேக் போர்ட்டில் இருக்கிற வளையம். பழைய மெனிஃபோல்டைக் கழற்றினதும் ஹெட்டின் இரண்டு இன்டேக் வாயிலும் மெல்லிய இரும்பு வளையம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கிட்டு நிற்கும். மெனிஃபோல்டை நடுவில் நிறுத்துறதுக்கு வைத்தது அது. புது மெனிஃபோல்டின் முகத்தில் அதுக்கான பள்ளம் வெட்டியிருக்கா, ஆழம் போதுமா என்று பாருங்க. பள்ளம் இல்லாத மெனிஃபோல்டை வளையத்தின் மேல வைத்து முறுக்கினா வளையம்தான் முட்டிக்கிட்டு நிற்கும், கேஸ்கட் அமுங்காது. பள்ளம் இல்லைன்னா வளையத்தைக் கழற்றிடுங்க. அப்போ மெனிஃபோல்டை நடுவில் நிறுத்துற பொறுப்பு உங்க கையில். கேஸ்கட்டை ஸ்டட்டில் மாட்டி, போர்ட்டின் விளிம்பைப் பென்சிலால் அதில் கோடு போட்டு, மெனிஃபோல்டின் வாயும் அந்தக் கோடும் ஒத்துவருதானு பாருங்க.

#3 பழைய_சாவி

தண்ணீர் முனைகளை அடைச்சு விடுங்க தம்பி. இன்டேக் குளிரா இருந்தாத்தான் காற்று அடர்த்தியா உள்ளே போகும், இழுவை கூடும். ரேஸ் ஓடுறவன் எவனும் சுடுதண்ணீர் விடுறதில்லை.

#4 நானுஓயா

ரேஸ் வண்டி முழு த்ரொட்டிலில் ஓடுது அண்ணே. நம்ம வண்டி பாதி நேரம் கால் த்ரொட்டிலில் பனிமூட்டத்துக்குள்ள இறங்குது. இந்த இடத்தில் உங்க கணக்கு தலைகீழ்.

பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கும். காபரேட்டருக்குள்ள காற்றின் சூடு 20 பாகை வரைகூட இறங்கும். வெளியே 12 பாகை, மூட்டம், ஈரம் நிறைஞ்ச காற்று. த்ரொட்டில் தகட்டைத் தாண்டும்போது அது உறைநிலைக்குக் கீழே போயிடும். ஈரம் ஐஸாகித் தகட்டின் விளிம்பில் ஒட்டும். த்ரொட்டில் குறைவாத் திறந்திருக்கும்போது அந்த இடைவெளியே தலைமயிர் அளவுதான், கொஞ்சம் ஐஸ் போதும் அடைக்க. கொழும்பில் ஐஸ் பிடிக்கிற வாய்ப்புக் குறைவு. டிசம்பர், ஜனவரி காலையில் நானுஓயா, பட்டிப்பொலை, அம்பேவெல பக்கம் அது சாதாரணம்.

அடையாளம் சொல்றேன், கேட்டுக்கோங்க. கிளம்பி பத்து, பதினைந்து நிமிசம் நல்லா ஓடும். பிறகு ஐட்லிங் நிற்காது. கால் எடுத்தா அணையும், மிதிச்சா மூச்சுத் திணறும். ஓரமா நிறுத்தி பொனட்டைத் திறந்து ஐந்து நிமிசம் பேசிக்கிட்டு நின்னா, என்ஜின் சூட்டில் ஐஸ் உருகி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கராஜுக்குக் கொண்டு போனா பிழையே தெரியாது. அதனால கொயிலை மாற்றுவாங்க, எஸ்.யூ பெற்றோல் பம்ப்பின் பொயின்ட்டைத் தேய்ப்பாங்க, டாங்கியைக் கழுவுவாங்க. பம்ப் பாவம்.

அசல் மைனர் மெனிஃபோல்டில் இன்டேக்கை எக்சோஸ்ட்டோட ஒட்டிப் பூட்டியிருக்காங்களே, அதன் வேலையே இதுதான்: எக்சோஸ்ட் சூட்டில் இன்டேக்கின் அடி காயும். எல்.சி.பி ஹெடர் போட்டதும் அந்தச் சூடு போச்சு. அதுக்கு மாற்றா மெட்ரோ மெனிஃபோல்டில் இருப்பது சுடுதண்ணீர் மட்டும்தான். அதையும் அடைச்சா இரண்டும் இல்லை.

ஐஸ் பிடிக்காத நாளிலும் நட்டம் உண்டு. குளிர்ந்த அலுமினியத்தில் பெற்றோல் திரும்பத் துளியாகி மெனிஃபோல்டின் அடியில் ஓடும். இழுவையில் தயங்கும், சோக்கை நீண்ட நேரம் இழுத்து வைக்கணும், எரியாத பெற்றோல் பிஸ்டன் வழியா ஒயிலுக்குள்ள இறங்கும். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தாலே தெரியும்.

#5 பழைய_சாவி

ஐஸ் விசயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா அதே வண்டி கண்டிக்கு, கொழும்புக்கு இறங்கினா? அங்கே சுடுதண்ணீர் ஓடினா காபரேட்டர் கொதிக்கும், நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ண முடியாது.

#6 நானுஓயா

நியாயமான கேள்வி. லைனில் ஒரு தண்ணீர் டெப் போடுங்க. மேலே இருக்கும்போது திறந்து, கீழே இறங்கினா மூடி. மைனரின் ஹீட்டர் டெப்பே போதும், அது ஹெட்டின் பின்முனையில் பூட்டுறதுதான். ஹீட்டர் இல்லாத வண்டியில் அந்த இடத்தில் மூடித்தகடு இருக்கும். அதைக் கழற்றி, கேஸ்கட்டோட டெப்பைப் பூட்டலாம்.

காபரேட்டருக்கும் மெனிஃபோல்டுக்கும் நடுவில் பேக்லைட் ஸ்பேசர் கட்டாயம். அதை எடுத்துட்டு வெறும் கேஸ்கட்டோட பூட்டினா மெனிஃபோல்டின் சூடு நேரா ஃப்ளோட் சேம்பருக்கு (காபரேட்டரில் பெற்றோல் நிற்கிற கிண்ணம்) போகும். நமக்கு வேண்டியது மெனிஃபோல்ட் சூடா, காபரேட்டர் குளிரா. ஸ்பேசரின் இரண்டு பக்கமும் மெல்லிய கேஸ்கட். ஹெடருக்கும் காபரேட்டருக்கும் இடையில் அலுமினியத் தகட்டில் ஒரு மறைப்பு, தகடு இரண்டிலும் படாம குறைந்தது ஒரு விரல் இடைவெளி.

#7 தலவாக்கலை_மைனர்

அளந்தேன். இன்டேக் ஃப்ளேஞ்ச் 12.2, ஹெடர் 10.9. முகம் இரண்டும் நேரா இருக்கு, 0.05க்கு மேல ஃபீலர் போகலை. இன்டேக்கில் வளையத்துக்குப் பள்ளம் இருக்கு.

1.3 வித்தியாசத்துக்கு என்ன செய்யலாம்? ஹெடர் பக்கம் இரண்டு கேஸ்கட் வைக்கலாம் என்று ஒருத்தர் சொல்றார்.

#8 லேத்துக்காரன்

இரண்டு கேஸ்கட் வைத்தா ஹெடர் முகம் வெளியே தள்ளப்பட்டு வாஷர் நேரா உட்காரும்தான். ஆனா கேஸ்கட் ஒன்றின் மேல் ஒன்று அமுங்கி, சூட்டில் சுருங்கி, ஒரு மாதத்தில் தளரும். தளர்ந்த இடத்தில் நெருப்பு அரிச்சுக்கிட்டு வெளியே வரும். வேண்டாம்.

நல்ல வழி: இன்டேக்கின் காதுகளை, வாஷர் உட்காருற வெளிமுகத்தில் மட்டும், மில்லிங்கில் 1.3 குறைக்கிறது. அலுமினியம் என்கிறதால சுலபமான வேலை. ஹெட்டைப் பார்க்கிற முகத்தைத் தொட விடாதீங்க, அது நேரா இருக்கு என்று நீங்களே அளந்துட்டீங்க. பைலால் கையில் ராவவும் வேண்டாம். காதுக்குக் காது கோணம் மாறும், வாஷர் திரும்பவும் சாயும்.

பக்கத்து லேத் கடையில் மில்லிங் இல்லைன்னா படி வாஷர். 5 மி.மீ. கனத்தில் மைல்ட் ஸ்டீல் வாஷர் எடுத்து, அடிமுகத்தில் பாதியை 1.3 ஆழத்துக்குக் குறைக்கணும். குறைச்ச பாதி தடிச்ச இன்டேக் மேல, முழுக் கனமுள்ள பாதி ஹெடர் மேல. இதில் ஒரு தொல்லை: நட்டை முறுக்கும்போது வாஷரும் கூடவே சுழலும். கால் சுற்று சுழன்றாலே படி இரண்டு காதுக்கும் குறுக்கா வந்து நிற்கும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் ஒழுகும். வாஷரின் ஓரத்தில் பைலால் ஒரு தட்டை முகம் எடுத்து, முறுக்கும்போது சின்ன ஸ்பானரால் அதைப் பிடிச்சுக்கோங்க. நட்டுக்கு அடியில் ஒரு சொட்டு ஒயில்.

தனித் தகட்டுத் துண்டை அரைவட்டமா வெட்டிச் செருகுற பழக்கமும் உண்டு. தலவாக்கலையில் இருந்து நுவரெலியா வர்றதுக்குள்ள விழுந்திடும்.

#9 ஊவா_ஒஸ்டின்

பூட்டுற ஒழுங்கை எழுதுறேன், பிழை இருந்தா திருத்துங்க.

பற்றரியின் ஒரு வயரைக் கழற்றிட்டுத் தொடங்குங்க. தண்ணீர் வேலையும் இருக்கிறதால ரேடியேட்டரைக் காலி பண்ணுங்க. பழைய ஸ்டட்களுக்கு முதல் நாள் இரவே ஊடுருவுற ஒயில் விட்டு ஊற விடுங்க. நட்டுக்கு 1/2 ஏ.எஃப் ஸ்பானர், 13 மி.மீ. ஏறும், ஆனா துருப்பிடிச்ச நட்டில் வழுக்கும். ஸ்டட் கூடவே சுழன்று வந்தா வரட்டும், நல்லது. வராதது முறியப் போகுதுன்னா நட்டை வெட்டி எடுங்க. ஹெட்டுக்குள்ள முறிஞ்ச ஸ்டட்டைத் தோண்டுறதைவிட ஒரு நட்டின் விலை குறைவு. எல்லா ஸ்டட்டையும் புதுசாப் போடுறதே உத்தமம். இரண்டு நட்டை ஒன்றோட ஒன்று பூட்டிக் கழற்றலாம். ஹெட்டுக்குள்ள போகிற பக்கம் 5/16 கரடு மரை, நட் பக்கம் 5/16 நுண் மரை. மாறி ஏற்றினா ஹெட்டின் மரை போகும்.

ஹெட் முகத்தைச் சுரண்டும்போது இன்டேக் வாய் இரண்டிலும் துணி அடைச்சு வையுங்க. சுரண்டின துண்டு வால்வில் மாட்டினா ஹெட்டையே இறக்கணும். வேலை முடிஞ்சதும் துணியை எண்ணி எடுங்க.

முதலில் கேஸ்கட் இல்லாம எல்லாத்தையும் ஒரு தடவை வைத்துப் பாருங்க. ஹெடர் கீழே சேசிஸில் படுதா, காபரேட்டர் ஏயார் ஃபில்டரோட உள் மட்கார்டுக்கு எவ்வளவு இடம் விடுது, பொனட் மூடுதா. என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும், அதனால எதிலும் குறைந்தது 15 மி.மீ. இடம் விடுங்க. பிறகு கேஸ்கட், ஹெடர், இன்டேக், வாஷர், நட், எல்லாம் கையால் மட்டும். சைலன்சர் குழாயைப் பூட்டி, அதன் கிளாம்பைத் தளர்வா விடுங்க. இதுக்குப் பிறகுதான் முறுக்கணும்: நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி, 7, 14, 20 நியூட்டன் மீற்றர் என்று மூன்று சுற்று. கடைசியில் சைலன்சர் கிளாம்ப். முதலிலேயே குழாயை இறுக்கினா அது ஹெடரைக் கீழே இழுத்துப் பிடிக்கும், ஃப்ளேஞ்ச் ஒருபக்கமா உட்காரும்.

ஹெடரின் கீழ்முனையைக் கியர்பொக்ஸோட ஒரு பிராக்கெட்டால் பிடிக்கணும். தோட்டத்து ரோட்டில் தொங்கிக்கிட்டு ஆடுற குழாய், ஃப்ளேஞ்சுக்குப் பக்கத்தில் வெல்டிங்கில் வெடிக்கும்.

கேஸ்கட்டுக்குச் சிலிக்கன் பூசாதீங்க. பெற்றோல் பட்டா ஊறிக் கரையும்.

#10 தலவாக்கலை_மைனர்

நன்றி அண்ணே. தண்ணீர் லைன் எங்கே இருந்து எங்கே? எந்த முனையில் உள்ளே, எந்த முனையில் வெளியே?

#11 ஊவா_ஒஸ்டின்

ஹெட்டின் பின்முனை டெப்பில் இருந்து 13 மி.மீ. ஹோஸ் மெனிஃபோல்டின் கீழ் முனைக்கு. மேல் முனையில் இருந்து ரேடியேட்டரின் கீழ் ஹோஸுக்கு. ஹீட்டர் வந்த வண்டியில் கீழ் ஹோஸிலேயே ஒரு கிளை இருக்கும். உங்களதில் இருக்காது, ஹோஸை வெட்டி உலோக டீ ஒன்று போடணும். கீழே நுழைஞ்சு மேலே வெளியேறினா காற்று தங்காது. பம்ப் கீழ் ஹோஸில் இருந்துதான் உறிஞ்சுது, அதனால தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதே இந்த லைனில் தண்ணீர் ஓடத் தொடங்கும். காலையில் முதலில் சூடாகுறது மெனிஃபோல்ட்தான்.

தெர்மோஸ்டாட் என்றதும் ஞாபகம் வருது. வண்டியில் அது இருக்கா? இல்லாத வண்டிதான் இங்கே அதிகம். "சூடாகுது" என்றதும் பிடுங்கி எறியுறது நம்ம கராஜ் மரபு. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் நுவரெலியாக் குளிரில் 60 பாகையைக்கூடப் பிடிக்காது, அந்தத் தண்ணீரை மெனிஃபோல்டுக்கு விட்டு என்ன பயன்? 82 பாகை தெர்மோஸ்டாட் போடுங்க. கையோட கையா ஹெட்டுக்கும் பம்ப்புக்கும் இடையில் இருக்கிற குட்டி பைபாஸ் ஹோஸையும் மாற்றுங்க, பிறகு கை போகாது.

வெறும் பீலித் தண்ணீரை (மலை ஊற்றுத் தண்ணீர்) ஊற்றாதீங்க. இரும்பு ஹெட், பித்தளை ரேடியேட்டர், இப்போ அலுமினியமும் சேருது. அரிப்புத் தடுக்கிற கூலன்ட் இல்லைன்னா மெனிஃபோல்டின் தண்ணீர் முனைதான் முதலில் உளுத்துப்போகும்.

காற்று எடுக்க, வண்டியை மூக்கு மேலே இருக்கிற மாதிரி ஏற்றத்தில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, டெப்பையும் திறந்து ஊற்றுங்க. சரிவுக்கு இங்கே பஞ்சமா என்ன. கைபிரேக்கை நம்பாம கல் வையுங்க.

#12 கண்டி_காபரேட்டர்

காபரேட்டர் பக்கம் நான் வர்றேன்.

முதலில் ஒரு நியாயம். 1098க்கு எச்.ஐ.எஃப் 44 பெரிசு. ஒன்றரை அங்குல எச்.எஸ் 4 இந்த என்ஜினுக்கு அளவாப் பொருந்தும். என்றாலும் கையில் இருக்கிறதை மாற்றச் சொல்ல மாட்டேன், காரணம் மலை. எச்.எஸ் காபரேட்டரில் ஃப்ளோட் சேம்பர் ஜெட்டுக்கு (பெற்றோல் வெளியே வருகிற துளைக்குழாய்) பக்கத்தில் தனியாத் தொங்குது. அது ஜெட்டுக்கு முன்னால் வரும்படி பூட்டியிருந்தா, ஏற்றத்தில் சேம்பர் உயர்ந்து ஜெட்டில் பெற்றோல் மட்டம் ஏறும், கலவை தடிக்கும் (பெற்றோல் கூடும்). பின்னால் வந்தா மெலியும். எச்.ஐ.எஃபில் ஃப்ளோட் ஜெட்டைச் சுற்றியே இருக்கு. றம்பொடைக் கொண்டை ஊசி வளைவில் வண்டி எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் ஜெட்டில் மட்டம் பெரிசா மாறாது.

இப்போ உயரம். நுவரெலியா 1868 மீற்றர். அங்கே காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் இருக்கிறதில் ஐந்தில் நான்கு பங்கு. எஸ்.யூ காபரேட்டர் தானாகவே எல்லாத்தையும் சரி பண்ணும் என்று பலர் நம்புறாங்க. அது காற்றின் கனஅளவுக்குத்தான் தன் உள்ளே இருக்கிற பிஸ்டனை உயர்த்துது, எடைக்கு இல்லை. கடல் மட்டத்தில் சரியா வைத்த கலவை நுவரெலியாவில் ஏறக்குறைய பத்து வீதம் தடிக்கும். எச்.ஐ.எஃபுக்குள்ள ஒரு ஈருலோகப் பட்டி இருக்கு, அது பெற்றோலின் சூட்டுக்கு ஈடு கொடுக்கத்தான், உயரத்துக்கு இல்லை.

அதனால டியூனிங்கைத் தலவாக்கலையிலேயே செய்யுங்க, ஏறக்குறைய 1200 மீற்றர், நடுத்தரம். கொழும்பில் டியூன் பண்ணிக்கொண்டு வர வேண்டாம். தொடக்கத்துக்கு ஜெட்டைப் பாலத்தோட (காபரேட்டர் பிஸ்டனுக்கு நேர் கீழே இருக்கிற மேடு) மட்டமா வைத்து, பக்கவாட்டு ஸ்குரூவை வலப்பக்கம் இரண்டு சுற்று. என்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, காபரேட்டர் பிஸ்டனை உயர்த்துற முளையால் ஒரு மி.மீ.க்கும் குறைவாத் தூக்குங்க. வேகம் கூடி அப்படியே நின்றா கலவை தடிப்பு, ஸ்குரூவை இடப்பக்கம் கால் சுற்று. உடனே விழுந்து அணையப் பார்த்தா மெலிவு, வலப்பக்கம். சற்று ஏறித் திரும்ப வந்தா சரி.

இந்த ஸ்குரூ ஐட்லிங்கை மட்டும் மாற்றலை, ஜெட்டையே ஏற்றி இறக்குது, ஓட்டம் முழுக்க மாறும். ஐட்லிங் சரியா இருந்தும் ஏற்றத்தில் ப்ளக் கரியாகுதுன்னா ஊசிதான் (ஜெட்டுக்குள்ள ஏறி இறங்குற கூம்புக் கம்பி) பிழை. மெட்ரோவில் வந்தது பி.டி.எல் ஊசி. அதில் தொடங்கி, மூன்றாம் கியரில் ஒரு கிலோமீற்றர் ஏற்றம் இழுத்து, கிளச்சை மிதிச்சு என்ஜினை அணைச்சு ஓரமாக்கி, ப்ளக்கைக் கழற்றிப் பாருங்க. பிஸ்கட் நிறம் வரணும்.

டேம்பரில் (காபரேட்டர் பிஸ்டனின் மேல் இருக்கிற ஒயில் குழி) எஸ்.ஏ.ஈ 20 ஒயில். தடிச்ச ஒயில் ஊற்றினா காலைக் குளிரில் பிஸ்டன் எழும்பவே யோசிக்கும்.

#13 மாத்தளை_மினி

ஜெட்டுக்கு 12 பக்கம் இறக்கணும் என்று கேள்விப்பட்டது?

#14 கண்டி_காபரேட்டர்

அது எச்.எஸ் வகைக்கு. அதில் ஜெட்டின் அடியில் அறுகோண நட் இருக்கு, ஒரு பக்கம் ஆறில் ஒரு சுற்று, 12 பக்கம் இரண்டு சுற்று. கணக்கு ஒன்றுதான். ஆனா திசை கவனம்: எச்.எஸ்ஸில் நட்டை மேலே ஏற்றினா மெலியும்.

எச்.எஸ் 2வையே வைத்துக்கொண்டு ஓடுறவங்களுக்கும் ஒரு சொல். 1098க்கு அசல் ஊசி ஏ.என். மெலிவு ஊசி ஈ.பி என்று கம்பனியே கொடுத்திருக்கு. நிரந்தரமா நுவரெலியாவில் நிற்கிற வண்டிக்கு அதை ஒரு தடவை போட்டுப் பாருங்க, அதுக்குப் பிறகு மெனிஃபோல்டுக்குச் செலவழிக்கிறதைப் பற்றி யோசிக்கலாம்.

#15 நானுஓயா

சரியான பேச்சு. எதிர்பார்ப்பையும் சொல்லி வைப்போம்: 1098 கடல் மட்டத்தில் 48 குதிரைவலு. நுவரெலியாவில் அதில் ஐந்தில் ஒரு பங்கு காற்றோட போச்சு. எந்த மெனிஃபோல்டும் அதைத் திருப்பித் தராது. ஹெடரும் இன்டேக்கும் சேர்ந்து மேல் சுழற்சியில் மூச்சு விட வழி பண்ணும், மூன்றாம் கியரில் ஏற்றம் கொஞ்சம் தாராளமா வரும். அவ்வளவுதான்.

#16 பழைய_சாவி

வெக்யூம் கேஜ் வைத்திருக்கிறவங்க கவனிக்க. புத்தகத்தில் ஐட்லிங்கில் 18 முதல் 20 அங்குலம் (பாதரசக் கணக்கில்) என்று போட்டிருக்கும். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் குறைச்சுக்கணும். தலவாக்கலையில் 14 முதல் 16 காட்டினா நல்ல என்ஜின். நுவரெலியாவில் 12, 13 காட்டும். அதைப் பார்த்துட்டு "மெனிஃபோல்ட் லீக்" என்று திரும்பக் கழற்றாதீங்க. முள் நடுங்காம நிற்குதா என்றதுதான் முக்கியம்.

#17 லேத்துக்காரன்

லீக்கைக் கண்டுபிடிக்க ப்ளக்கே போதும். இந்த ஹெட்டில் 1, 2க்கு ஒரு இன்டேக் வாய், 3, 4க்கு ஒரு வாய். 1, 2 ப்ளக் வெள்ளையா, 3, 4 சாதாரண நிறமா இருந்தா முன் வாயில் காற்று இழுக்குது. நான்கும் வெள்ளைன்னா காபரேட்டர் ஃப்ளேஞ்ச், இல்லை த்ரொட்டில் தண்டு தேய்ஞ்சிருக்கு, இல்லை கலவையே மெலிவு. பழைய காபரேட்டரில் தண்டைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா புஷ் அடிக்கணும். புது மெனிஃபோல்டில் தேய்ஞ்ச காபரேட்டரைப் பூட்டிட்டு மெனிஃபோல்டைத் திட்டிப் பயனில்லை.

காபரேட்டர் கிளீனரை அடிச்சு லீக் தேடுற ஆட்கள் இருக்காங்க. இந்த என்ஜினில் ஹெடர் நேர் கீழே சிவக்கச் சிவக்கக் கிடக்கு. சின்னத் தெளிப்பான் போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்து மூட்டு மூட்டாத் தெளியுங்க, சத்தம் மாறுற இடம்தான் ஓட்டை.

#18 மாத்தளை_மினி

மெட்ரோ மெனிஃபோல்டில் பிரேக் சேர்வோவுக்கு (பிரேக் மிதிக்கு வலுச் சேர்க்கிற கருவி) ஒரு முனை இருக்குமே. மைனரில் சேர்வோ இல்லை. ரப்பர் மூடி போடலாமா?

#19 ஊவா_ஒஸ்டின்

ரப்பர் மூடி சூட்டில் வெடிக்கும், வெடிச்ச அன்றைக்கு என்ஜின் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஐட்லிங் ஏறும். முனையைக் கழற்றி மரை வைத்த பித்தளை ப்ளக் போடுங்க. டிஸ்ரிபியூட்டரின் வெக்யூம் குழாயை மெனிஃபோல்டில் கொடுக்காம காபரேட்டர் உடம்பில் இருக்கிற முனையில் கொடுங்க.

ஏயார் ஃபில்டர் பூட்டும்போது இன்னொன்று. காபரேட்டரின் வாய் ஃப்ளேஞ்சில் போல்ட் ஓட்டை தவிர சின்னத் துளைகள் இருக்கும், பிஸ்டனுக்கு அடியில் காற்று போகிற வழி அது. கேஸ்கட்டைத் தலைகீழா வைத்தா அது அடைபடும். பிஸ்டன் முழுசா எழும்பாது, வண்டி கறுப்புப் புகை தள்ளிக்கிட்டு ஏற்றத்தில் நிற்கும். ஊசி, ஜெட் என்று இரண்டு நாள் தேடுவீங்க.

த்ரொட்டில் கேபிளுக்குப் புது பிராக்கெட் செய்யும்போது திரும்பி வரும் ஸ்பிரிங் இரண்டு போடுங்க, ஒன்று முறிஞ்சா மற்றது இழுக்கும். இறக்கத்தில் த்ரொட்டில் திறந்தபடி மாட்டினா என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. என்ஜினை அணைச்ச நிலையில் ஒருத்தரைப் பெடலை முழுசா மிதிக்கச் சொல்லி, தகடு முழுசாத் திறக்குதா, விட்டதும் டக் என்று மூடுதா என்று உள்ளே பாருங்க.

#20 தலவாக்கலை_மைனர்

மில்லிங் முடிஞ்சுது, இரண்டும் 10.9. தண்ணீர் லைனோட பூட்டியாச்சு. ஐட்லிங்கில் கேஜ் 15, முள் நடுங்கலை. ப்ளக் நான்கும் ஒரே நிறம். கடைசியா ஒன்று: திரும்ப எப்போ முறுக்கணும், சூட்டிலா, ஆறின பிறகா?

#21 லேத்துக்காரன்

ஆறின பிறகு. சூட்டில் அலுமினியம் விரிஞ்சு நிற்கும்போது முறுக்கினா ஆறியதும் பிடி தளரும். மூன்று, நான்கு தடவை முழுச் சூட்டுக்கு ஓட்டி, இரவு முழுக்க ஆற விட்டு, காலையில் அதே ஒழுங்கில் 20 நியூட்டன் மீற்றர். பிறகு 200 கிலோமீற்றரில் ஒரு தடவை. முதல் தடவை கால் சுற்றுக்கும் மேல நட் வந்தா பயப்படாதீங்க, கேஸ்கட் அமர்ந்திருக்கு. இரண்டாம் தடவையும் அப்படி வந்தா வாஷரைக் கழற்றி அடிமுகத்தைப் பாருங்க: தேய்ஞ்ச தடம் இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி இருக்கணும்.